கீறல் விழுந்த கடைசிப் பாட்டு

வாணலியில் எண்ணெய் காயும்போது, அடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் ஈரம் பொரிந்து மெல்லிய ஓர் இரைச்சல் கிளம்புமே, கடுகைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டு நிற்கும்போதெல்லாம் ஏதோ பாட்டு ஆரம்பிக்கப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும். இசைத்தட்டின் ஓரத்தில் முள் இறங்கி, முதல் பாட்டுக்கு வந்து சேருவதற்குள் போடுகிற இரைச்சல் அதேதான். அந்தச் சத்தம் வந்ததும் என் அண்ணன் செல்லையா இரண்டு கைகளையும் தூக்கி, ஊரையே அடக்குகிறவன் போல ‘உஷ்’ என்பான். எனக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. குன்னூரில் நான் குடியிருக்கும் இந்த வீட்டில் எத்தனை நாள் எண்ணெய் புகைந்து கடுகு கருகியிருக்கிறதோ தெரியாது. எனக்குச் சமையலில் அக்கறை கிடையாது என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நானும் அதை மறுத்ததில்லை.

நான் பிறந்தது நாங்கள் ‘கண்டிச் சீமை’ என்று சொல்லிக்கொண்ட இலங்கை மலையகத்தில். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மாவுக்குத் தோட்டத்துச் சின்னத்துரையின் பங்களாக் ‘குசினி’யில், அதாவது சமையலறையில், பாத்திரம் கழுவி மசாலை அரைக்கிற வேலை. சின்னத்துரை என்றால் உதவி மானேஜர்; கொழும்பிலிருந்து வந்த, ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கி இனத்து இளைஞர். கல்யாணமாகாதவர். சனிக்கிழமை மத்தியானமானால் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பாடிய இசைத்தட்டுகளைப் போடுவார். அந்த இசைக்கு ‘சோல்’ என்றும் ‘ஃபங்க்’ என்றும் பெயர் உண்டு என்பதையெல்லாம் என் மகள் சொல்லித்தான் இப்போது தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு அது ‘தொரை பாட்டு’, அவ்வளவுதான். குசினிப் படியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் கேட்போம். அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது, எனக்கு ஆறு.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷத்தில் சின்னத்துரை ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். வீட்டுச் சாமான்களைப் பங்களா ஆட்களுக்குக் கொடுத்தார். ஒருவர் நாற்காலி கேட்டார், ஒருவர் இஸ்திரிப்பெட்டி கேட்டார். அம்மாவுக்கு ஒரு கம்பளி கிடைத்தது. அண்ணன் மட்டும் ஒரே ஓர் இசைத்தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் பெட்டி கிடையாது. “மாடில்லாம கவுறு மட்டும் வாங்கிட்டு வந்திருக்கான் பாரு உங்க மவன்” என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். அட்டையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு கறுத்த மனிதர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்பார். அவருக்குப் பின்னால் மூன்று பெண்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்து, “நம்ம மேல் லயத்து மருதையாட்டமே இருக்கானே!” என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணன் திருவிழாவில் தப்பு அடிக்கிறவன். அந்தத் தட்டில் அவனுக்குப் பிடித்தது குரல்கூட இல்லை, கொட்டுதான். “இங்க கேளு தங்கச்சி, இவனுக அடிக்கிறதவிட அடிக்காம வுடுற எடந்தான் சோக்கா இருக்கு. கை ஓங்கும், வுழாது. நம்ம காலு தானா எந்திரிச்சிரும்” என்பான். முதல் பக்கத்தில் ஐந்து பாட்டுகள். நான்கு பாட்டுக்கு ஆடலாம். பித்தளை வாத்தியங்கள் சண்டைக்கு வருவதுபோல வரும். அடியில் ஒரு தடித்த கம்பி வாத்தியம் ஏதோ வேலையாக உள்ளே போவதும் வருவதுமாக இருக்கும். ஐந்தாவது பாட்டு மட்டும் மெதுவானது. அந்த மனிதர் யாரையோ கெஞ்சுவார், பின்னால் அந்த மூன்று பெண்களும் “ஆமாம், ஆமாம்” என்கிற மாதிரி பாடுவார்கள். ஒரு வார்த்தையும் எங்களுக்கு விளங்காது. “யாரையோ வூட்டுக்கு வரச் சொல்றாரு” என்று அண்ணன் ஒரு கதை கட்டியிருந்தான். அவன் சொன்னால் அதற்கு மேல் எனக்குக் கேள்வி கிடையாது.

டவுனில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒரு ‘நானா’, முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய பெட்டியில் அந்தத் தட்டைப் போட்டுக்கொள்ள அண்ணனுக்கு இடம் கொடுத்தார். பதிலுக்கு அவன் கடையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பான். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு பக்கம். அவனுக்கு அது போதுமாயிருந்தது; எனக்குப் போதவில்லை. ஒரு நாள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தபோது தட்டை எடுத்துக் கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த நியாயம் சுலபமானது: தட்டு சுற்ற வேண்டும், முள் குத்த வேண்டும், பாட்டு வரும். ஒரு கையால் சுற்றிக்கொண்டே அம்மாவின் ஊக்கை எடுத்து, நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை அடுத்த பகுதியில் குத்தினேன். ‘கீச்’ என்றது. காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்திக் குத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானாவின் கடையில் ஐந்தாவது பாட்டு பாதியில் நின்றுவிட்டது. நின்றது என்றால் சத்தம் நிற்கவில்லை. அந்த மனிதர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். முள் அங்கேயே குதித்துக் குதித்து விழுந்தது. நானா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “கீறிக் கெடக்கே தம்பி” என்றார். நான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. அடிப்பான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவனோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “நானா, கேட்டீங்களா? தொரை பாட்டுல எந்தங்கச்சியும் ஒரு வரி சேத்து வச்சிருக்கு!” என்றான். நானா பெட்டியின் பக்கவாட்டில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் தாண்டிப் போய், பாட்டு நகர்ந்தது.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பாட்டை அப்படியேதான் பாடுவான். கீறல் விழுந்த வரிக்கு வந்ததும் அதிலேயே சிக்கிக்கொள்வான். நான் போய் அவன் தலையில் தட்ட வேண்டும். தட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவான். வேண்டுமென்றே நான் தட்டாமல் இருப்பேன். விறகு தூக்கும்போதும், மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போதும், ரொட்டி தின்னும்போதும்கூட அதே வரி, அதே வரி. “அடியே, அவந்தலையில ஒன்னு போட்டுத் தொலைடி, எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்” என்று அம்மா கத்துவாள். அப்புறம்தான் ஓடிப்போய்த் தட்டுவேன். லயம் முழுக்க இந்தக் கூத்துத் தெரியும்.

இனி எழுத வேண்டியது எழுதக் கை வராதது. என் பெரியப்பா தனிக்கட்டை. பெரியம்மா குழந்தை இல்லாமலே இறந்துபோனாள். தனி ஆளுக்குத் தோட்டத்தில் ‘காம்பரா’ கொடுக்க மாட்டார்கள். காம்பரா என்பது லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கிற ஒற்றை அறை. அதைக் காலி செய்துவிட்டு வேறு யாருடனாவது ஒண்டிக்கொள்ளச் சொல்லுவார்கள். அதனால் அப்பா, தன் அண்ணனுடைய அறை போய்விடக் கூடாதே என்று, செல்லையா அண்ணனின் பெயரைச் சின்ன வயதிலேயே பெரியப்பாவின் அரிசிக் கார்டில் மகனாக எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் லயங்களில் பல வீடுகளில் நடந்ததுதான். பையன் சாப்பிடுவதும் தூங்குவதும் எங்களோடு, பெயர் மட்டும் பக்கத்துக் காம்பராவில். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று மனுப் போடுகிற காலம் வந்தபோது அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். பெரியப்பா, “நான் பொறந்தது இங்க, போறதும் இங்கதான்” என்று இலங்கைக்கு எழுதிப் போட்டார். எங்கள் பாஸ்போர்ட்டு வந்தது. அதில் அப்பா, அம்மா, நான். அண்ணனின் பெயர் பெரியப்பாவின் காகிதங்களோடு போய்விட்டிருந்தது.

அப்பா எத்தனை ஆபிஸ் ஏறி இறங்கினார் என்பதற்குக் கணக்கில்லை. கார்டில் இருப்பதுதான் உண்மை என்று எல்லா ஆபிஸிலும் சொன்னார்கள். “அண்ணன் காம்பரா போயிரக் கூடாதேன்னு பேரத்தான்யா குடுத்தேன், புள்ளையக் குடுக்கலியே” என்று அவர் ஒருவரிடம் கையெடுத்துக் கும்பிட்டதை அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள். நாங்கள் போகவில்லை என்று சொல்லவும் வழியில்லை. தோட்டத்தில் எங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள், தேதி வந்துவிட்டது. அண்ணன்தான் எல்லோரையும் தேற்றினான். பெயரைத் திருத்த மனுப் போட்டிருக்கிறேன், ஆறு மாதத்தில் பின்னாலேயே வந்துவிடுவேன் என்றான். இசைத்தட்டைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தான். “பத்திரமா வச்சிரு தங்கச்சி. நான் வந்ததும் அங்க ஒரு பெட்டி வாங்கி மொத வேலையா இதப் போடுவோம்.”

கப்பலேறும் துறைக்கு எங்களைக் கொண்டுபோன ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். வேறு எப்படிச் சொல்வது! பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் ஜன்னல் கம்பியை விடுவதில்லை, உள்ளே இருப்பவர்கள் அவர்கள் கையை விடுவதில்லை. எனக்கு எட்டு வயது. நான் அழவில்லை, கோபமாக இருந்தேன். ஆறு மாதம் என்பதெல்லாம் பொய் என்று எனக்குள் எதுவோ சொல்லிவிட்டது. அண்ணன் என்னைச் சிரிக்க வைக்க வேண்டுமென்று, அத்தனை ஒப்பாரிக்கும் நடுவில், ஐந்தாவது பாட்டை எடுத்தான். கீறல் விழுந்த வரிக்கு வந்தான். அதிலேயே நின்றான். தலையைக் கம்பிக்கு அருகில் கொண்டுவந்து சாய்த்துக் காட்டினான். தட்டு என்று அர்த்தம். நான் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டேன். தட்டினால் பாட்டு முடிந்துவிடும், முடிந்தால் அவன் போய்விடுவான் என்று நினைத்தேனா, வெறும் வீம்புதானா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கோச்சி நகர்ந்தது. அவன் கூடவே ஓடிவந்தபடி அதே வரியைப் பாடினான். “தட்டு தங்கச்சி” என்றுகூடச் சொன்னான். நான் தட்டவில்லை.

கடல் தாண்டி வந்து, நீலகிரியில் நடுவட்டத்தில் எங்களுக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் ஒரு வீடும் கிடைத்தன. அங்கேயே இருந்தவர்கள் அதை ‘ஊடு’ என்றார்கள், நாங்கள் விடாமல் ‘காம்பரா’ என்றோம். பள்ளிக்கூடத்தில் எனக்குச் ‘சிலோன்காரி’ என்று பெயர். மாதத்துக்கு ஒரு கடிதம் அண்ணனிடமிருந்து வரும். மனு நகர்கிறது என்பான், ஃபைல் கொழும்புக்குப் போயிருக்கிறது என்பான், கடைசி வரி மட்டும் எல்லாக் கடிதத்திலும் ஒன்றுதான்: “தட்டு பத்திரமா தங்கச்சி?” அதைப் படித்துக் காட்டுவது நான்தான். பத்திரம் என்று பதில் எழுதுவதும் நான்தான்.

நடுவட்டத்து ஆனி ஆடி மழையில் எதையும் பத்திரமாக வைப்பது எப்படி என்று அண்ணனுக்கு யார் சொல்வது? சூரியன் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். தீக்குச்சி பற்றாது, உப்பு கசியும், பாடப் புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த மூங்கில் பரணில்தான் வைப்போம். எங்கள் இரண்டாவது மழையில், இசைத்தட்டின் அட்டையில், அந்த மஞ்சள் சட்டை மேல் வெள்ளையாகப் பூஞ்சை கிளம்பிவிட்டது. துடைத்தால் மறுபடி வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உப்பைக் காப்பாற்றுகிற இடம் தட்டையும் காப்பாற்றும் என்று, யாரிடமும் கேட்காமல், பரணின் பின் மூலையில், நல்ல சூடு படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தபோது அது எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளிந்திருந்தது.

கீறலுக்குச் சிரித்தவன் இதற்குச் சிரிப்பானா? எனக்குத் தோன்றவில்லை. தட்டை அட்டைக்குள் திணித்து டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் கம்பளிக்குக் கீழே ஒளித்துவைத்தேன். அதோடு நிற்கவில்லை. லயத்து முனையில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று, “ஆத்தா, அண்ணன் இப்ப வர வேணாம். பேரத் திருத்துறது கொஞ்சம் மெதுவா நடக்கட்டும்” என்று வேண்டிக்கொண்டேன். அம்மா அதே கல்லின் முன்னால் விளக்கு வைத்து அவன் சீக்கிரம் வர வேண்டுமென்று அழுவாள். பக்கத்தில் நின்று நான் வேறு வேண்டுதல் வேண்டுவேன். இதை இந்த நிமிஷம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வேண்டுதல் சில மாதங்கள் நடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்கா ஊட்டி மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது நானும் வருவேன் என்று தொற்றிக்கொண்டேன். ஸ்வெட்டருக்குள் தட்டு இருந்தது. மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கத் தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருப்பதை முன்பே பார்த்துவைத்திருந்தேன். கடைக்காரர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், காதில் பென்சில் செருகியிருந்தார். தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஏம் பாப்பா, இத என்ன அடுப்புல போட்டு வாட்டுனயா?”

நான் அழ ஆரம்பித்தேன். அவர் பதறிப்போய், “ஏனுங்கக்கா, நான் ஒண்ணுமே சொல்லலீங்க, புள்ளை அழுகுது பாருங்க” என்று ராக்காயி அக்காவிடம் முறையிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அவன் கொண்டாந்து குடுத்த சாமான இந்தக் கெதி பண்ணிட்டியேடி!” என்றாள். கடைக்காரர்தான் சமாதானம் செய்தார். “இருங்க, இருங்க. ஓரத்துலதான் நெளிஞ்சிருக்குது. நடுவால இருக்கற பாட்டு பாடுதான்னு பாக்கலாங்க.”

ஓரத்திலிருந்த நான்கு பாட்டுகளும் போயே போய்விட்டன. முள் தெறித்துத் தெறித்து ஓடியது. நடுக் காகிதத்தை ஒட்டியிருந்த ஐந்தாவது பாட்டில் முள்ளைப் பிடித்து வைத்தார். எண்ணெய் காய்கிற அந்த இரைச்சல் வந்தது. பிறகு அந்தக் குரல், கொஞ்சம் தள்ளாடியபடி, ஆனால் அதே குரல். இரண்டரை வருஷம் கழித்துக் கேட்கிறேன். மூன்று பெண்களும் வந்தார்கள். பிறகு கீறலில் போய் விழுந்தது. அதே வரி, அதே வரி. கடைக்காரர் பெட்டியைத் தட்ட விரலை மடக்கினார்.

“தட்டாதீங்க! எங்கண்ணன் வரணும்” என்று கத்திவிட்டேன்.

அவர் கையை இறக்கிக்கொண்டார். என்ன நினைத்தாரோ, கொஞ்ச நேரம் அந்த வரியைச் சுழலவிட்டு, பிறகு முள்ளை எடுத்துவிட்டார். “அண்ணன் வந்ததீமு கூட்டிட்டு வா பாப்பா. நானே போட்டுக் காட்டறேன்” என்றார். எல்லாம் போனாலும் அந்த ஒரு பாட்டு மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியதும் எங்கள் பாட்டு என்ற சந்தோஷத்தில் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் நேராக மாரியம்மனிடம் ஓடினேன். “ஆத்தா, நான் சொன்னத மறந்துரு. அண்ணன் நாளைக்கே வரட்டும்.”

அதற்கு அடுத்த வாரம் பெரியப்பாவின் கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். பெயர் திருத்துகிற விஷயமாக டவுனுக்குப் போன செல்லையா திரும்பி வரவில்லை, அன்றைக்கு அங்கே கலவரம், கடைகளைக் கொளுத்திவிட்டார்கள், ரேடியோக் கடை வாசலில் அவனைக் கடைசியாகப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார், ஆஸ்பத்திரி, பொலிஸ் எல்லா இடமும் தேடியாயிற்று. அப்பாவும் அம்மாவும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்தேன். மேலே எழுதியிருந்த தேதியை மட்டும் மனதுக்குள் வாசித்தேன். கடிதம் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் ஊட்டிக்குப் போய் வேண்டுதலை மாற்றுவதற்கு முன்பே அவன் காணாமல் போயிருந்தான். அவன் வர வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டிருந்த நாட்களில்தான்.

பத்து வயதுப் பிள்ளை வேண்டினால் நாட்டில் கலவரம் வந்துவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியும். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். தெரிந்து என்ன செய்ய? அப்பாவுக்கும் அரிசிக் கார்டு மட்டுமே காரணமில்லை என்று தெரியாதா? அதை நினைத்து நினைத்தே ஐந்து வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் யார் வந்து பேர் கேட்டாலும் சொல்ல மாட்டார், பேர் கொடுத்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்பார்.

காரியம் செய்ய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “பொணத்தக் கண்ணால பாத்தீங்களா? அப்ப வாய மூடிட்டுப் போங்க” என்று சொந்தக்காரர்களை விரட்டினாள். வீட்டில் அண்ணனுடைய போட்டோகூடக் கிடையாது. எடுத்த ஒரே போட்டோ பெரியப்பாவின் காகிதங்களோடு போனது. அதனால் இசைத்தட்டின் அட்டையை, தட்டு உள்ளே இருக்க, சுவரில் ஆணியடித்து மாட்டினாள். புதிதாக வருகிறவர்கள் மஞ்சள் சட்டைக்காரரைப் பார்த்து, “இதாருங்க, உங்கூட்டு ஆளுங்களா?” என்று கேட்பார்கள். “எம்மவன் வச்சிட்டுப் போனது” என்பாள் அம்மா. மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை, தினமும் தூசி மட்டும் தட்டினாள். தட்டு நெளிந்திருந்தது அவளுக்கு எப்போது தெரிந்தது என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் இறந்தபோது, மழையில், அதையும் அவளோடு குழியில் வைத்தோம். வேறு எங்கே வைப்பது?

போன மாதம் கோயமுத்தூரில் வேலை பார்க்கிற என் மகள் லீவுக்கு வந்திருந்தாள். பாட்டை முணுமுணுத்தாலே இன்ன பாட்டு என்று போன் கண்டுபிடித்துவிடும் என்றாள். நான் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு பாடினேன். கிடைக்கவில்லை. இன்னொரு தடவை பாடினேன். கிடைக்கவில்லை. “ஒரே வரிய நாலு தடவ பாடுனா அது எப்படிம்மா கண்டுபிடிக்கும்? நேராப் பாடு” என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது, நான் பாடிக்கொண்டிருந்தது அண்ணனின் பாட்டு. அவனுடைய சிக்கலை எடுத்துவிட்டுப் பாடினேன். உடனே போனில் மஞ்சள் சட்டை வந்து நின்றது. துளிப் பூஞ்சை இல்லாமல், அச்சடித்த அன்றைக்கு இருந்தபடி.

முழுத் தொகுப்பையும் முதலிலிருந்து போடச் சொன்னேன். இரைச்சல் இல்லாமல் சட்டென்று ஆரம்பித்ததே எனக்குத் திக்கென்றிருந்தது. ஆனால் என்ன சொல்ல, எவ்வளவு நல்ல தட்டு அது! அடி விழாத இடங்களில் அண்ணன் சொன்ன மாதிரியே கால் தானாக எழுந்தது. நான்கு பாட்டுக்கும் என் மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது பாட்டு வந்ததும், வார்த்தைகளைக் கேட்டு அவளே அர்த்தம் சொன்னாள். வீட்டுக்கு வரச் சொல்கிற பாட்டெல்லாம் இல்லையாம். தான் செய்த ஏதோ ஒரு தப்புக்கு அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கிறாராம்.

அந்த இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை. யாரும் தட்டாமலே, அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போய்விட்டது. அந்த அடுத்த வரியை நான் எட்டு வயதுக்குப் பிறகு கேட்டதில்லை. அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ வரிகள் இருந்தன, மூன்று பெண்களும் உச்சிக்குப் போய் இறங்கினார்கள், பாட்டு முடிந்தது. அவன் வரமாட்டான் என்று ஐம்பது வருஷமாக எனக்குத் தெரியும், அன்றைக்குத்தான் அழுதேன். என் மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நடுவட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கல்லுக்கு இப்போது ஓடு பதித்த கோயில் இருக்கிறது. ஊட்டியில் அந்த ரேடியோக் கடை இருந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள். ‘அண்ணனைக் கூட்டிட்டு வா’ என்றவர் இருக்கிறாரா இல்லையா தெரியாது. அழுகைக் கோச்சியும் இல்லை, அது கொண்டுபோய் விட்ட கப்பலும் இல்லை. அந்தக் கீறல் விழுந்த தட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அம்மாவோடு மண்ணுக்குள் இருக்கிறது.

“இன்னொரு தடவ போடட்டுமாம்மா?” என்றாள் மகள். போடு என்றேன். கீழே உட்கார்ந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மறுபடியும் அந்த வரி வந்தது. குனிந்து அவள் தலையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன்.

“எதுக்கும்மா தட்டுற?” என்று கேட்டாள்.

பாட்டு நகர்ந்துவிட்டிருந்தது.